மாமா கடையின் கறுப்புத் திரை

கிள்ளானில் என் தாய்மாமா இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். 1997-இல் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருளில்தான் அங்கு இன்றும் பில் போடுகிறார்கள். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. மவுஸுக்கு வேலையே இல்லை. மாமா விசைகளைப் பார்க்காமலே தட்டுவார்.

அந்த மென்பொருள் இருப்பது பின்னறையில் உள்ள பழைய ஸ்கோ யூனிக்ஸ் கணினியில். முன்னால் கல்லாவில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி, கேபிள் வழியாக அதை எட்டிப் பார்க்கும் சன்னல் மட்டுமே. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் சன்னல் மூடிக்கொண்டது. 'ரேடியோவில் வேலை செய்கிறாளே, கம்ப்யூட்டர் தெரியாமலா இருக்கும்' என்று மாமா என்னை அழைத்தார்.

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, விண்டோஸ் 11 உள்ள புது மடிக்கணினியோடு போனேன். முதல் ஏமாற்றம் அங்கேயே. மாமா பயன்படுத்திய ஹைப்பர்டெர்மினல், விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை கூடவே வந்தது. விஸ்தாவிலிருந்து அது இல்லை. டெல்நெட் நிரலும் அப்போதிலிருந்து அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது; வேண்டுமென்றால் நாமே இயக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. 1969-இல் பிறந்த டெல்நெட், கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பும். இடையில் யாராவது கேட்டால் எல்லாம் அம்பலம். 1995-இல் பின்லாந்தில் உருவான எஸ்எஸ்எச், பூட்டுப் போட்டு அனுப்பும். ஆனால், மாமாவின் பழைய கணினிக்கு அந்தப் பூட்டு தெரியாது. எனவே கடைக்குள் ஓடும் கேபிளோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கணினிக்கு இணையத் தொடர்பே கிடையாது.

இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாதம் உருவாக்கிய 'புட்டி' என்ற இலவச நிரலை அதன் அதிகாரப்பூர்வ பக்கத்திலிருந்து இறக்கினேன். பின்னறைக் கணினியின் ஐபி முகவரி, 23 என்ற போர்ட் எண், டெல்நெட் என்ற தேர்வு. திரை வந்துவிட்டது!

"ஏம்மா, எஃப் டூ அமுக்கினா சேவ் ஆகலையே? கீழே மொத்தம் காட்டுற வரியும் காணோம்!"

மாமா சொன்னது சரிதான். கட்டம் போட்ட கோடுகளும் கிறுக்கலாகத் தெரிந்தன. புட்டியின் அமைப்புகளில் டெர்மினல் வகையை 'ஆன்சி' என்று மாற்றினேன். விசைப்பலகைப் பகுதியில் 'ஸ்கோ' என்றே ஒரு தேர்வு இருந்தது. எஃப் டூ உயிர் பெற்றது. எழுத்துத் தொகுதியை சிபி437 ஆக்கியதும் கோடுகள் நேராயின. புட்டி வழக்கமாக 24 வரிதான் காட்டும். மாமாவுக்கு 25 வேண்டும். அதையும் மாற்றிச் சேமித்தேன்.

பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இத்தனை ஆண்டுக் கடன் கணக்கும் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில்! திரையில் ஓடுவதையெல்லாம் கோப்பில் பதியும் வசதி புட்டியில் உண்டு. அதை இயக்கிவிட்டு, வாடிக்கையாளர் பட்டியலை ஓடவிட்டேன். மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். சில பெயர்கள் வந்தபோது, "அவரு போயிட்டாரு. அதெல்லாம் புதுசுல ஏத்த வேணாம்லா" என்றார். அந்தக் கடன்களை அவர் என்றோ மன்னித்திருந்தார், மென்பொருளுக்குத்தான் சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் முதல் கட்டங்கட்டமாக வரும் இ-இன்வாய்ஸ், ஒருநாள் மாமா கடைக் கதவையும் தட்டலாம். அப்போது புது மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டும். அதுவரை கறுப்புத் திரை ஓடட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கடையிலும் இப்படியொரு திரை இருக்கிறதா? அது நின்றுபோகும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரக் கடைசியில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கை நகல் எடுங்கள். எந்தப் பெயரை விட வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள்.