பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

தோட்டப்புற வீடுகளில் மீன் வளர்ப்பது புதிய செய்தியன்று. போத்தலில் சண்டை மீன் வளர்க்காத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. ஆனால் இன்று நாம் பேசப்போவது உப்புநீர்த் தொட்டியில் வளரும் பவளத்தைப் பற்றியும், அதற்கு மேலே மாட்டவேண்டிய குழல் விளக்குகளைப் பற்றியும் ஆகும்.

“அது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு ஆயிற்றே, நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பட்டணத்தில் பலர் எல்.இ.டி. விளக்குக்கு மாறிவிட்டார்கள். ஆகவே பழைய தொட்டிகளும் குழல் விளக்குச் சட்டங்களும் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மூத்த மகன் நான்கடி நீளமுள்ள தொட்டி ஒன்றைப் பவளங்களோடு வாங்கி வந்தார். மேலே நான்கு குழல்கள்: இரண்டு வெள்ளை, இரண்டு நீலம். சில மாதங்களில் நீலக் குழல்கள் இரண்டும் அணைந்துவிட்டன. புதியது வாங்கப் பட்டணம் போகவேண்டும், விலையும் அதிகம். “தம்பி, அந்த நீலக் குழல் எரிந்தும் எரியாத மாதிரிதானே இருந்தது? நம்ம வீட்டுக் குழலையே மாட்டிவிடு, வெளிச்சமாவது இருக்கும்” என்றார் தாயார். அப்படியே செய்தார்கள். தொட்டி பளிச்சென்று ஆயிற்று. ஆனால் வாரங்கள் செல்லச் செல்லக் கண்ணாடியிலும் கல்லிலும் பாசி படர்ந்தது. பவளங்கள் பழுப்பேறி, சுருங்கி, ஒவ்வொன்றாக மடிந்தன. அந்தப் பிள்ளை சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை.

வெளிச்சம் கூடியபோது பவளம் ஏன் மடிந்தது? இதற்கு விடை காண மூன்று செய்திகளை அறியவேண்டும்.

முதலாவது, பவளம் செடியன்று, கல்லுமன்று. அது ஓர் உயிரினம். அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இப்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. வாடகைக்கு இருப்பவரே வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது போன்ற ஏற்பாடு இது. ஆகவே ஒளி குறைந்தால் பாசி பட்டினி. பாசி பட்டினியானால் பவளமும் பட்டினி.

இரண்டாவது, கடல்நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. சிவப்பு ஒளி முதல் சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நீல ஒளிதான் ஆழத்துக்குச் செல்கிறது. அதனால் ரெடாங், தியோமான், சிப்பாடான் தீவுகளைச் சூழ்ந்த பவளங்கள் நீல ஒளிக்கே பெரிதும் பழகியவை. அவற்றின் பாசிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்துகின்றன.

மூன்றாவது, நம் கண். பச்சை, மஞ்சள் ஒளியே நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். நீலம் மங்கலாகத் தெரியும். விளக்கு உறையில் அச்சிடும் லூமென் என்ற கணக்கும் மனிதக் கண்ணை அளவாக வைத்துப் போடப்பட்டதே. நமக்கு எரியாத மாதிரித் தெரிந்த நீலக் குழல், பவளத்துக்கு முக்கியமான சாப்பாடாக இருந்தது. அந்த வீட்டில் ஏமாற்றியது கண்தான். தாயார் மேல் குற்றமில்லை.

இனி, விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். மலாய்க்காரர்கள் ‘லம்பு கலிமந்தாங்’ என்று சொல்லும் குழல் விளக்கின் உள்ளே சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது புறஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறம் பூசியுள்ள பொடி அக்கதிரை ஏற்று, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும். பொடி மாறினால் நிறம் மாறும். அணைந்திருக்கும்போது எல்லாக் குழல்களும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும், எரியும்போது வேறுபடுவது இதனால்தான். ஆகவே உறையில் உள்ள எழுத்தைப் படித்தே வாங்கவேண்டும்.

வெள்ளைக் குழலின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள். 3,000 கெல்வின் மஞ்சள் கலந்த ஒளி, பவளத்துக்கு ஆகாது. 6,500 கெல்வின் நம் வீடுகளில் எரியும் பகல் வெள்ளை. 10,000 முதல் 12,000 கெல்வின் வரை நீலச் சாயல் கொண்ட வெள்ளை. பவளத் தொட்டிக்கு ஏற்றது இதுவே. நீலக் குழலில் இரண்டு வகை உண்டு. ‘அக்டினிக்’ என்பது 420 நானோமீட்டரை ஒட்டிய ஊதா கலந்த நீலம். பவளத்தின் நிறங்களை மின்னச் செய்யும். மற்றொன்று 450 முதல் 460 வரையுள்ள தெளிந்த நீலம். உணவுக்கு மிகவும் உதவும்.

நான்கடி நீளமும் ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விரல் பருமனுள்ள டி-5 வகைக் குழல் நான்கு மாட்டலாம். ஒவ்வொன்றும் 54 வாட். 10,000 கெல்வின் வெள்ளை இரண்டு, தெளிந்த நீலம் ஒன்று, அக்டினிக் ஒன்று என்று சேர்த்தால் நல்ல பொருத்தம். காளான் பவளம், தோல் பவளம் முதலிய மென்பவளங்கள் இதில் நன்றாக வளரும். கிளைவிட்டு வளரும் கற்பவளத்துக்கு ஆறு அல்லது எட்டுக் குழல்கள் வேண்டிவரும். பணம் போதாவிட்டால் வெள்ளைக் குழல்களில் ஒன்றை மட்டும் 6,500 கெல்வினாக வைத்துச் சமாளிக்கலாம். நீலத்தில் கை வைக்கக்கூடாது. இரண்டே குழல் என்றால் வெள்ளை ஒன்று, தெளிந்த நீலம் ஒன்று; காளான் பவளத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் தனித்தனியே வளைந்த பிரதிபலிப்புத் தகடு இருந்தால், மேலே வீணாகும் ஒளியும் தண்ணீருக்குள் வந்து சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகத்துக்கான 28 வாட் டி-5 குழலும், 54 வாட் குழலும் நீளத்திலும் முனையிலும் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்கார்ந்துவிடும். ஆனால் 54 வாட்டுக்கான பேலஸ்ட் 28 வாட் குழலுக்கு அளவுக்கு மீறிய மின்சாரத்தைச் செலுத்தும். முனைகள் கறுத்து, குழல் விரைவில் கெடும். நாம் சொன்ன வீட்டில் இந்தத் தவறும் நடந்தது.

குழல் அணையும்வரை காத்திருப்பதும் சரியன்று. உள்ளே பூசிய பொடி நாளடைவில் வலுவிழக்கும். ஒளி குறையும், நிறமும் மாறும். 9 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. செம்பனைக் கன்றை நிழலில் வளர்த்துப் பிறகுதானே வெயிலுக்குக் கொண்டுபோகிறோம்? பவளமும் அப்படியே. இரண்டு வாரத்துக்கு ஒரு குழலாக மாற்றினால் அது பழகிக்கொள்ளும்.

அடுத்தது வெப்பம். தண்ணீர் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது. 30 பாகையைத் தாண்டி நீடித்தால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010-இல் கடல் சூடேறி நம் நாட்டுப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில மூடப்பட்டதை நேயர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். கடலுக்கே அந்த நிலை என்றால், தகரக் கூரையின் கீழுள்ள சிறு தொட்டிக்கு எப்படி இருக்கும்? ஆகவே உச்சி வெயிலில் விளக்கைப் போடாமல், பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எரியவிடலாம். நீலம் முதலில் எரிந்து கடைசியில் அணையட்டும். தண்ணீரின் மேல் சிறு காற்றாடி ஒன்று ஓடினால் சூடு இரண்டு, மூன்று பாகை தணியும்.

செலவையும் கணக்கிடுங்கள். நான்கு குழலுக்கு 216 வாட். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 52 யூனிட். நீரோட்டப் பம்பும் காற்றாடியும் இதற்கு மேல்.

கழற்றிய குழலை உடைக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். உள்ளிருக்கும் பாதரசம் நஞ்சு. அந்தப் பாதரசத்தின் காரணமாகவே, பொதுவான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்துவதென்று, மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் முடிவு செய்தன. ஆகவே பழைய சட்டத்தை வாங்குமுன், அதற்கு வேண்டிய குழல்கள் தொடர்ந்து கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று. முதலில் பவளத்தை வாங்கிவிட்டு, பிறகு விளக்குக்குக் காசு தேடுவது தலைகீழான வேலை. நம் கையிருப்புக்கு எத்தனை குழல் என்று முதலில் பார்ப்போம். அந்த ஒளியில் வாழக்கூடிய உயிரையே வாங்குவோம். நாம் சொன்ன அந்த வீட்டில் இப்போது பவளம் இல்லை. இரண்டு கோமாளி மீன்கள் மட்டும், சாதாரண வெள்ளைக் குழல் ஒன்றின் கீழே, நலமாக நீந்திக்கொண்டிருக்கின்றன. மீனுக்கு அந்த ஒளி போதும். நீலக் குழல் வாங்கப் பணம் சேர்ந்த பிறகுதான் பவளம் என்று அம்மாவும் பிள்ளையும் முடிவு செய்திருக்கிறார்கள்.