அம்மா மீண்டும் கடல் பார்த்தார்

“கடலா? வேண்டாம்பா, கோயிலுக்குப் போவோம்.” 20 வருடமாக அம்மா சொல்லி வந்த பதில் இது. போன பள்ளி விடுமுறையில் பேத்தி கையைப் பிடித்து இழுத்தபோது அவரால் மறுக்க முடியவில்லை.

வெளிநாட்டவருக்கு லங்காவி என்றால், பீடோங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குப் பந்தாய் மெர்டேகாதான். நான்கைந்து குடும்பங்கள் காசு போட்டு வேன் எடுப்போம். தூக்குச் சட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்கில் தேநீர். சவுக்கு மரத்தடியில் பாயை விரித்தால் மாலை வரை அதுதான் வீடு.

2004 டிசம்பர் 26ஆம் தேதியும் போவதாகத்தான் இருந்தது. அந்த வாரம் மழையால் பால் வெட்டு தடைப்பட்டதால், ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. நானும் தங்கையும் அழுதோம். காலையில் சுமத்திரா அருகே நிலம் நடுங்கியது. நண்பகலுக்குப் பிறகு அலை இங்கே வந்தது. இடையில் பல மணி நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பக்கத்து மீனவர் ஊரான கோத்தா கோலமூடா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அன்றிலிருந்து அம்மா கடல் பக்கம் போகவில்லை.

சுங்கைப்பட்டாணியிலிருந்து காரில் போகும் வழியில், கோத்தா கோலமூடாவில் இறங்கினோம். உடைந்த படகுகளையே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அன்னிக்கு உங்கப்பாவோட சண்டை போட்டேன், ஞாயித்துக்கிழமைகூட வேலையான்னு,” என்றார். அப்பா இப்போது இல்லை.

பந்தாய் மெர்டேகா பெரிதாக மாறவில்லை. கரையில் சாப்பாட்டுக் கடைகள், பட்டம் விடும் பிள்ளைகள், மணலில் நண்டு தேடும் சிறுவர்கள். எதிர்க்கரையில் தஞ்சோங் டாவாய். நடுவே மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. சாலை வழியாகச் சுற்றிப் போக நேரமாகும். படகில் ஏறினால் சில நிமிடம்தான்.

படகில் உட்கார்ந்ததும் வடக்கே 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய் தெரிந்தது. அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அந்த மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தப் பகுதிதான் என்பார்கள். நேரம் இருப்பவர்கள் மெர்போக் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

தஞ்சோங் டாவாயில் அம்மா கருவாடும் நெத்திலியும் பேரம் பேசி வாங்கினார். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பேத்தியுடன் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார்.

“கண்ணு, கடல் தண்ணி திடீர்னு உள்ள போச்சுன்னா வேடிக்கை பார்க்கக் கூடாது. மேட்டுப் பக்கம் ஓடணும். தெரிஞ்சதா?”

“சரி பாட்டி. இப்ப விளையாடலாமா?”

“விளையாடலாம். நான் இங்கதான் நிக்கிறேன்.”