தக்கை சொல்லும் சேதி!

பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காவிரிக் கரைக்குப் போயிருக்கிறீர்களா? தூண்டிலைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அப்படி எதை உற்றுப் பார்க்கிறார்கள்? மீனையா? இல்லவே இல்லை! கலங்கிய தண்ணீரில் மீன் எங்கே தெரியப் போகிறது? அவர்கள் பார்ப்பது, தண்ணீர் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்னத் தக்கையை.

மயிலிறகின் தண்டு, நெட்டி, தெர்மோகோல், பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு... எது மிதக்குமோ அதுதான் தக்கை. மீன் இரையை இழுத்தால் தக்கை 'டபக்'கென்று முழுகும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தக்கைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இரையை எவ்வளவு ஆழத்தில் தொங்கவிட வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். என்னைக் கேட்டால், இதுதான் பெரிய வேலை!

ஏன் தெரியுமா? மீன்களும் மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரிதான். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது கட்லா மீனின் வாயைக் கவனியுங்கள். மேல் நோக்கித் திறந்திருக்கும். அது தண்ணீரின் மேல்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்காலின் வாயோ கீழ்ப்பக்கமாக இருக்கும். தரையில் மட்கிக் கிடப்பதுதான் அதற்குச் சாப்பாடு. ஒருவர் சாப்பாட்டில் மற்றவர் கை வைப்பதில்லை என்பதால், மீன் பண்ணைக்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கிறார்கள். மூன்றுமே நம் காவிரியின் சொந்த மீன்கள் அல்ல. வடக்கேயிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை.

ஆகவே, தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே 1 அடி விட்டால் மாடிக்காரருக்கு அழைப்பு. 8 அடி ஆழக் குளத்தில் ஏழரை அடி விட்டால் தரைத்தளத்துக்காரருக்கு அழைப்பு!

இப்படி ஏற்றி இறக்க ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. தக்கையில் துளை போட்டு நரம்பைக் கோர்த்து, துடைப்பக் குச்சி ஒன்றை அந்தத் துளையில் இறுக்கமாகச் செருகிவிட வேண்டும். குச்சியை உருவினால் தக்கை நகரும். செருகினால் நின்றுவிடும்.

சரி, குளம் எத்தனை அடி ஆழம் என்று எப்படித் தெரியும்? அதையும் தக்கையே சொல்லும். முள்ளில் கனமான ஈயக் குண்டை மாட்டிப் போடுங்கள். தக்கை முழுகிப்போனால், ஆழம் நீங்கள் விட்ட நரம்பைவிட அதிகம். படுத்துக்கொண்டு மிதந்தால், ஆழம் குறைவு. நுனி மட்டும் வெளியே தெரிய நிமிர்ந்து நின்றால், அதுதான் சரியான ஆழம்.

குளத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மேட்டூர் அணையில் அது நடக்காது! 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடி அளவில் இருந்த நீர்மட்டம், அந்த மாதக் கடைசியிலேயே 120 அடியைத் தொட்டுவிட்டது. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும், தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நிறைந்தால் அவற்றுக்கு மேலே மீன் நீந்தும்! உரிமம் பெற்ற மீனவர்கள் இங்கே பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். வலையின் மேல் கயிற்றிலும் தக்கைகள்தான், கீழ்க் கயிற்றில் எடை. வலை சுவர் மாதிரி நிற்பது அப்படித்தான்.

அணையில் தண்ணீர் திறந்தால் கீழே ஆற்றின் மட்டம் கிடுகிடுவென்று ஏறும். மணல் திட்டில் நின்றுகொண்டிருப்பவர் கரைக்கு வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். அதனால், பெரியவர்கள் துணையில்லாமல் தூண்டிலோடு ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது ரொம்பக் குளிரான இடத்துக்குப் போவோமா? பின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும். ஆனால் மேலே மட்டும்தான்! தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று பனிக்கட்டியாகிறது. அடியில் மீன்கள் உயிரோடு இருக்கும். அங்குள்ளவர்கள், பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிமன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடந்துபோய்த் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

அங்கே நம் துடைப்பக் குச்சித் தக்கை உதவாது. அவர்களுடைய தூண்டில் கோல் 2 அடிதான். ஆழம் 20 அடி என்று வைத்துக்கொள்வோம். நரம்பைச் சுற்ற ஆரம்பித்ததும் தக்கை கோல் நுனியில் முட்டி நின்றுவிடும். மீனோ இன்னும் ஆழத்தில்! இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். தக்கையை இறுக்காமல் நரம்பில் வழுக்கிக்கொண்டு ஓட விட்டார்கள். வேண்டிய இடத்தில் நரம்பில் குட்டி முடிச்சு ஒன்றைப் போட்டு, அதன் கீழே ஒரு மணியைக் கோர்த்தார்கள். இரை இறங்கும்போது மணி முடிச்சில் தடுக்க, தக்கை அதோடு நின்றுவிடும். நரம்பைச் சுற்றும்போது குட்டி முடிச்சு கோலின் வளையத்துக்குள் புகுந்து போய்விட, தக்கை கீழே வழுக்கிவிடும். ஆழத்தை மாற்ற முடிச்சை நகர்த்தினால் போதும்.

குளிரில் மீன்களுக்குச் சுறுசுறுப்பு குறைவு. இரையை லேசாகத்தான் தொடும். அதனால் தக்கைக்குக் கீழே எடையைச் சேர்த்துச் சேர்த்து, இன்னும் ஒரு பொட்டு எடை வைத்தால் முழுகிவிடும் என்ற நிலையில் வைத்திருப்பார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு ஸ்ட்ராவைப் பாதியாக வெட்டி, அடித் துளையைக் கலர் களிமண்ணால் அடைத்து வாளித் தண்ணீரில் விடுங்கள். முதலில் சாய்ந்து மிதக்கும். அடியில் களிமண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் நிமிர்ந்து நிற்கும். நுனி மட்டும் வெளியே தெரியும் வரை கூட்டுங்கள். இப்போது ஒரு விரலால் மெல்லத் தட்டினாலே உள்ளே போய் வரும்!

கடைசியாக ஒரு புதிர். நிமிர்ந்து நின்ற தக்கை, முழுகாமல் திடீரென்று படுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? ஸ்ட்ராவில் சேர்த்த களிமண்ணைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் சாய்ந்துவிடும். அடியில் மேயும் மீன் ஒன்று, இரையோடு எடையையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டது. தூண்டிலை இழுக்க வேண்டியதுதான்!