ஆட்டோ கியர் உதைக்கும் கார்



தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் பழைய கார் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும் அதுவே துணை. அந்தக் கார் ஆட்டோ கியர் உள்ளதாயிருந்து, கியர் மாறும்போதெல்லாம் 'டொக்' என்று உதைக்கத் தொடங்கினால் வீட்டாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "கியர்பெட்டி போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொல்லிவிட்டால், இரண்டு மூன்று மாதச் சம்பளம் அதற்கே போய்விடுமல்லவா?

ஆனால், உதைக்கின்ற கியர்பெட்டியெல்லாம் கெட்டுப்போன கியர்பெட்டி அல்ல. கோளாறு பல வேளைகளில் எண்ணெயிலோ, ஒரு கேபிளிலோ, ஒரு ரப்பர்த் துண்டிலோ இருக்கும். அதைக் கண்டறியும் வழியை இன்று பார்ப்போம்.

ஆட்டோ கியர் புதியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டிலேயே அதைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் சுழலும். ஆட்டோ கியரில் காற்றுக்குப் பதில் எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. இயந்திரம் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெயின் வேகத்தால் மற்றொன்று சுழன்று கியர்பெட்டிக்கு ஆற்றலைத் தருகிறது. உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திக் கியரை மாற்றுவதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். ஆகவே, எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ, கியர் மாறுவதும் கெடுகிறது.

முதற்காரியமாக எண்ணெயைப் பாருங்கள். அளவுகோல் உள்ள பழைய கார்களில் இது எளிது. காரைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு சமமான தரையில் நிறுத்துங்கள். மேட்டுச் சாலையில் பார்த்தால் அளவு தவறும். கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி, கியரை ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நிறுத்துங்கள். கடைசியில் 'பி'யில் வைப்பதா, 'என்'னில் வைப்பதா, இயந்திரம் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது காருக்குக் கார் வேறுபடும். காரின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். அளவுகோலை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். சூடான நிலைக்குரிய இரு குறிகளுக்கிடையே எண்ணெய் இருக்க வேண்டும்.

நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் நல்ல எண்ணெய் தெளிந்த சிவப்பாயிருக்கும். பழுப்பேறியிருந்தால் பழையதாகிவிட்டது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் கருகுகின்றன. பால் கலந்த ரோஜா நிறமாயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. அந்தக் காரை ஓட்டவே கூடாது.

எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். இந்த எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இரவில் காருக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புக் கறை காட்டிக்கொடுக்கும். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்குக் கியர்பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். அட்டை வைத்துப் பார்த்தபோது, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தது. குழாயை மாற்றி, எண்ணெயை நிரப்பியதும் உதைப்பு நின்றது.

ஊற்றும்போதும் கவனம் தேவை. கால் லிட்டராக ஊற்றி அளந்து பாருங்கள். அதிகமானால் நுரைத்து, அழுத்தம் குன்றும். டெக்ஸ்ரான், எஸ்.பி.3 என்று வகைகள் பல உள்ளன. கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

எண்ணெய் சரியாயிருந்தும் உதைக்கிறதா? உதைக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'என்'னிலிருந்து 'டி'க்கோ 'ஆர்'க்கோ தள்ளும்போது மட்டும் உதைத்தால், நிற்கும்போது இயந்திரம் மிகை வேகத்தில் ஓடக்கூடும். அல்லது அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கக்கூடும். ஓடும்போது கியர் தாமதமாக மாறி வலுவாக உதைத்தால், ஆக்சிலேட்டர் மிதிப்பதைக் கியர்பெட்டிக்கு அறிவிக்கும் கேபிள் இறுகியிருக்கலாம். கணினி உள்ள காரில் எச்சரிக்கை விளக்கு மினுக்கினால், முதலில் கோளாறு எண்ணைக் கருவியில் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். கம்பி இணைப்பு தளர்ந்தாலும் கியர் உதைக்கும்.

கியர் மாறாமல் இயந்திரம் மட்டும் இரைந்து, கார் நகரத் தயங்கி, எண்ணெயும் தீய்ந்திருந்தால் உள்ளே தேய்மானம் வந்துவிட்டது. அப்போது புட்டியில் விற்கும் மருந்து எதுவும் தேய்ந்த தட்டை வளர்க்காது. அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்குள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாய் இருந்தால் அது இயல்பு. இரும்புச் சில்லுகள் கிடந்தால் செலவு தவிர்க்க முடியாதது.

நேயர்களே, போமனிடம் போகும்போது "கியர் கெட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது உதைக்கிறது, எண்ணெய் எவ்வளவு, என்ன நிறம் என்று சொல்லுங்கள். மாற்றச் சொல்லும் பாகத்தைக் காட்டும்படி கேளுங்கள். நல்ல போமன் அதற்குக் கோபிக்க மாட்டார். ஒரு துணியும் ஓர் அட்டையும் கொண்டு நீங்கள் பார்க்கும் பத்து நிமிடம், உங்கள் மாதச் சம்பளத்தைக் காக்கக்கூடும்.