கைக்கு உரிய பிடி

ஒரு பொருளின் மதிப்பை விலை கொண்டு துணிவோர் பலர். பயன் கொண்டு துணிவோர் சிலரே. துவிச்சக்கர வண்டி வாங்குவோர் சட்டத்தையும் சில்லையும் தட்டிப் பார்ப்பர். ஹாண்டிலின் முனைகளிற் செருகிய பிடியுறையை நோக்குவார் அரியர். கடைகளிலே ‘கிறிப்’ என வழங்கும் அவ்வுறையைப் பற்றியே ஈண்டுச் சிறிது கூற விழைகின்றேன்.

பிடியுறைக்கு வேண்டிய பண்புகள் மூன்று. வியர்வையிலும் மழையிலும் வழுக்காமை ஒன்று. வீதியின் அதிர்ச்சியைத் தாங்குதல் மற்றொன்று. குழாயிற் சுழலாது நிற்றல் பிறிதொன்று.

பழைய வண்டிகளில் மரமும் கொம்பும் தக்கையும் பிடிகளாயின. தக்கை என்பது மேனாட்டு ஓக் மரமொன்றின் பட்டை. நுண்ணறைகளிற் காற்றை அடக்கியிருத்தலால் அது இலேசானது. வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆயினும் நாட்பட வெடித்து உதிரும். இறப்பரோ வளைந்தும் மீளும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்து வெப்பமூட்டி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் சாள்ஸ் குட்இயர் கண்டார். 1876இல் நம் நாட்டிலே, கம்பஹாவைச் சார்ந்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் இறப்பர் நாற்றுகள் நடப்பட்டன.

நனைந்த கையிலும் நன்கு பற்றும் இறப்பருக்குப் பகை எண்ணெயும் கடுவெயிலும். ஆதலின் உறையைச் செருகும்போது எண்ணெய் தடவற்க. சிறிது மதுசாரம் தடவுக. அது ஆவியானபின் உறை இறுகி நிற்கும். மலிவான பிளாஸ்ரிக் உறையிலோ, மென்மை தருஞ் சேர்க்கை நாளடைவிற் கசிந்து நீங்கும். உறை வன்மையுற்று வழுக்கும்.

மென்மையே நன்மை என்றுங் கொள்ளற்க. மிக மெத்தென்ற நுரையுறை அமிழ்ந்துவிட, உள்ளிருக்கும் குழாயே உள்ளங்கையை அழுத்தும். சிறுவிரற் பக்கத்து நரம்பு நெடுநேரம் அழுந்தின், சிறுவிரலும் அணிவிரலும் மரத்துப்போம். எழுதுங் கைக்கு இஃது ஊறன்றோ?

இவை யாவற்றினும் பெரிது ஒன்றுண்டு. என் மாணாக்கர் சிலரின் வண்டிகளில் உறை தேய்ந்து கிழிந்து, குழாயின் வாய் திறந்து கிடக்கக் காண்கின்றேன். பிள்ளை விழும்போது அம்முனை வயிற்றிற் குத்தி ஈரலையும் மண்ணீரலையும் சிதைத்தல் மருத்துவர் நன்கறிந்த செய்தி. முனை மூடிய தடித்த இறப்பருறை, அவ்வுலோக விளிம்பு உடலிற் பாயாது தடுக்கும். அதன் விலையோ சிறிது. ஆசிரியப் பெருமக்களே, நாளை வகுப்புத் தொடங்குமுன் மாணாக்கர் வண்டி நிறுத்துமிடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்.