வேலை மாறும்போது வைத்தியக் காப்புறுதி



அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அண்மையில் வேலை மாறினான். "அண்ணை, என்ர மருத்துவச் சேமிப்புக் கணக்கு என்னோடையே வருது" என்று தொலைபேசியில் சொன்னான். அந்நாட்டில் 2004 முதல் உள்ள இந்தக் கணக்கு தொழிலாளியின் பெயரிலேயே இருக்கும். கம்பனி மாறினாலும் காசு அவருடையதுதான். சிங்கப்பூரில் 1984 இல் தொடங்கிய மெடிசேவ் கணக்கும் அப்படியே.

அமீரகத்தில் எங்களுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. இருப்பது முதலாளி எடுத்துத் தரும் காப்புறுதி. அபுதாபியில் 2005 ஆம் ஆண்டுச் சட்டமும், துபாயில் 2013 ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கின. சார்ஜா, அஜ்மான் உட்பட ஏனைய ஐந்து அமீரகங்களிலும் 2025 ஜனவரி 1 முதல் புதிதாக விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் காப்புறுதி வேண்டும். ஆனால் வேலை விட்டு விசா ரத்தானால், வழக்கமாக அந்த அட்டையும் நின்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். துபாயில் வேலை மாறியபோது பழைய அட்டை நின்று, புதியது கைக்கு வர மூன்று கிழமை சென்றது. எனக்குச் சலரோகம். இன்சுலினைக் கைக்காசில் வாங்கினேன். புதிய அட்டை வந்த பின்னும், "பழைய வருத்தத்துக்கு ஆறு மாதம் பொறுங்கள்" என்றார்கள்.

துபாயின் அடிப்படைக் காப்புறுதியில் முதன்முதலாகச் சேருபவரின் நாட்பட்ட நோய்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. முன்பும் காப்புறுதி தொடர்ந்து இருந்தது என்று காட்டினால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. அதைக் காட்டும் கடிதத்தைத் தொடர்ச்சிச் சான்றிதழ் என்பார்கள். நான் அதைப் பிந்தித்தான் கேட்டு வாங்கினேன். கொடுத்த பிறகு என் மருந்துக்கு வழி பிறந்தது.

ஆகவே வேலை விடுவதற்கு முன்பே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். தொடர்ச்சிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வைத்தியரின் அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் பிரதி எடுத்து வையுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்தை, வைத்தியரிடம் கேட்டு, அட்டை இருக்கும்போதே ஒரு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். மனைவி பிள்ளைகள் உங்கள் விசாவில் இருந்தால் அவர்களுடைய அட்டைகளையும் விசாரியுங்கள்.

அடுத்தது காசு. ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சேவை முடிவுப் பணம் உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதன்பின் வருடத்துக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹாம் என்றால் ஐந்து வருடத்துக்கு 10,500 திர்ஹாம். ஒப்பந்தம் முடிந்து 14 நாட்களுக்குள் இதைத் தரவேண்டும் என்பது சட்டம். இது எங்கள் கையில் வரும் சொந்தக் காசு. முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடாமல், ஒரு பங்கை வைத்தியச் செலவுக்கென்று வேறாக வையுங்கள். அதுவே எங்களுடைய மருத்துவச் சேமிப்புக் கணக்கு.

2023 இல் வந்த வேலையிழப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு மட்டும். தானாக வேலை விட்டவருக்குக் கிடையாது.

1990 இல் ஊரை விட்டு ஓடியபோது எங்கள் அம்மா நகையை மறந்தார். பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பையை மறக்கவில்லை. பிறகு போன இடமெல்லாம் அந்தப் பைதான் எங்களுக்கு வழி திறந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பை இருக்கும். தொடர்ச்சிச் சான்றிதழையும் அதற்குள் வையுங்கள்.