மழையை அறியும் கண்ணாடி

கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, மேலிருந்து அதன் பக்கச்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் மின்னும். வெளியே ஈரவிரலை அழுத்துங்கள்; அந்த இடத்தில் மட்டும் மினுமினுப்பு மறைந்துவிடும். சில கார்களில் மழை வந்ததும் வைப்பர் தானாக இயங்குவதும் இதனால்தான்.

முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியுள்ள சிறு பெட்டி, கண்ணாடிக்குள் அகச்சிவப்புக் கதிரைச் சுமார் 45 பாகைச் சாய்வில் செலுத்துகிறது. வெளியே காற்று மட்டும் இருந்தால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. 45 அதைவிட அதிகம் அல்லவா? ஆகவே கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து பெட்டிக்கே திரும்புகிறது. அங்கே நீர்த்துளி படிந்தால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 62 பாகையாக உயர்கிறது. கதிரின் பெரும்பகுதி துளிக்குள் நழுவிவிடுகிறது. திரும்பும் ஒளி குறையக் குறைய, வைப்பர் விரைவாக ஓடுகிறது.

ஆக, இக்கருவி மழையைப் பார்ப்பதில்லை. இழந்த ஒளியையே அளக்கிறது. தூறல் அந்தச் சிறு பரப்பில் விழாவிட்டால் வைப்பர் சும்மா இருக்கும். அப்போது நீங்கள்தான் விசையைப் போடவேண்டும். இயங்கும் நிலையிலுள்ள காரை ஈரத்துணியால் துடைத்தாலோ, மழையென்று எண்ணிப் பாய்ந்து விரலை நசுக்கலாம். எனவே, துடைக்குமுன் வைப்பரை நிறுத்திவிடுங்கள்!